இறுதிக்காலப் பராமரிப்பு இல்லம்: சேர்ப்பதற்கு முன் பார்க்கவேண்டியவை, கேட்கவேண்டியவை

"இனிமேல் செய்வதற்கு ஒன்றுமில்லை, வீட்டுக்கு அழைத்துப் போங்கள்" என்று மருத்துவர் சொல்லிவிட்ட பிறகு, ஒரு பை நிறைய ஸ்கேன் படங்களோடு மருத்துவமனை வாசலில் நிற்கும் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். நோயைக் குணமாக்கச் செய்வதற்கு ஒன்றுமில்லை என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் வலியைக் குறைக்கவும், மூச்சுத்திணறலைத் தணிக்கவும், புண்ணின் நாற்றத்தைப் போக்கவும், இரவில் தூங்க வைக்கவும் செய்வதற்கு நிறைய இருக்கிறது. அதைச் செய்வதே நோய்த்தணிப்புச் சிகிச்சை. பேச்சுவழக்கில் பாலியேட்டிவ் கேர் என்கிறோம். வாழ்வின் இறுதிக்காலத்தில் இருப்பவர்களைத் தங்கவைத்து அந்தச் சிகிச்சையைத் தரும் இல்லத்துக்கு ஹாஸ்பிஸ் என்று பெயர். லண்டனில் சிசிலி சாண்டர்ஸ் 1967இல் திறந்த செயின்ட் கிறிஸ்டோபர் இல்லம் இதற்கு வழிகாட்டியாக அமைந்தது. இந்தியாவின் முதல் இல்லமான சாந்தி அவேத்னா சதன் மும்பையில் 1986இல் தொடங்கப்பட்டது. தமிழ்நாட்டில் அறக்கட்டளைகளும் சமய நிறுவனங்களும் தனியாரும் நடத்தும் இல்லங்கள் இருக்கின்றன. அவை எல்லாம் ஒரே தரத்தில் இல்லை என்பதை நாங்கள் பட்டுத்தான் தெரிந்துகொண்டோம்.

என் தந்தைக்கு வாய்ப் புற்றுநோய். கன்னத்தில் புண் வெளிப்பக்கமாகத் திறந்துகொண்டது, பேச்சும் நின்றுவிட்டது. முதலில் நாங்கள் சேர்த்த இடத்தில் பளிங்குத் தரை, வாசலில் புல்வெளி, அறைக்கு அறை தொலைக்காட்சி எல்லாம் இருந்தன. இரவு 11 மணிக்கு அவர் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு முனகியபோது, பணியில் இருந்த பெண், "டாக்டர் காலையில ஒன்பது மணிக்குத்தான் வருவாரு சார், அதுவரைக்கும் இந்த ஊசிதான்" என்றார். அந்தப் பெண்ணின் மீது எனக்குக் கோபமில்லை. அவர் கையில் வேறு மருந்து கொடுக்கப்பட்டிருக்கவில்லை. ஐந்து நாட்கள் கழித்து அப்பாவை வேறோர் இடத்துக்கு மாற்றினோம். ஓட்டுக்கூரை போட்ட பழைய கட்டடம், பெரிய கூடத்தில் வரிசையாகக் கட்டில்கள். சேர்த்த மாலையே மூத்த செவிலியர் ஒருவர் முக்காலியை இழுத்துப் போட்டு, அப்பாவின் கண்ணுக்கு நேராக உட்கார்ந்து, "பத்துல எத்தனைங்கய்யா வலி?" என்று கேட்டார். அப்பா எட்டு விரல்களைக் காட்டினார். மூன்றாம் நாள் இரவு அதே கேள்விக்கு இரண்டு விரல்களைக் காட்டினார். ஓர் இல்லத்தை எதை வைத்து எடைபோடவேண்டும் என்பதை அந்த விரல்கள்தான் எனக்குக் கற்றுக்கொடுத்தன. கீழே உள்ளவை எல்லாம் அதன் விரிவே.

முதல் படி: உங்கள் தேவையை ஒரு தாளில் எழுதுங்கள்

தேடத் தொடங்குவதற்கு முன் நோயாளியின் இன்றைய நிலையை ஒரு பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். என்ன நோய், எங்கே வலி, சாப்பாடு வாய்வழியா குழாய்வழியா, சிறுநீர்க்குழாய் உண்டா, படுக்கைப்புண் உண்டா, நினைவு தெளிவாக இருக்கிறதா, எழுந்து நடக்கிறாரா என்பவை அதில் இருந்தால் போதும். இல்லத்துக்குத் தொலைபேசியில் பேசும்போது இந்தத் தாள் கையில் இருந்தால் ஐந்து நிமிடத்தில் தெளிவான பதில் கிடைக்கும். சில இல்லங்கள் புற்றுநோயாளிகளை மட்டுமே சேர்ப்பார்கள். சிறுநீரகச் செயலிழப்பு, இதயச் செயலிழப்பு, மறதிநோய் ஆகியவற்றின் கடைசிக் கட்டத்தில் உள்ளவர்களைச் சேர்ப்பதில்லை. சில இடங்களில் ஆதரவற்றவர்களுக்கே முன்னுரிமை. வயிற்றில் சேரும் நீரை எடுப்பது போன்ற சிறு சிகிச்சைகளை அங்கேயே செய்வார்களா, அதற்கு வேறு மருத்துவமனைக்குப் போகவேண்டுமா என்பதையும் முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

இல்லத்தில்தான் சேர்க்கவேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. வீட்டில் பார்த்துக்கொள்ள ஆள் இருந்தால், வாரம் ஒருமுறை செவிலியர் வந்து போகும் ஏற்பாடே பலருக்குப் போதுமானது. தமிழ்நாட்டில் 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கப்பட்ட 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில், படுத்த படுக்கையாக இருப்பவர்களுக்கு வீட்டுக்கே வந்து நோய்த்தணிப்புச் சிகிச்சை தருவதும் அடங்கும். உங்கள் பகுதி ஆரம்ப சுகாதார நிலையத்தில் பெயரைப் பதிவு செய்துவைப்பது, இல்லம் தேடுவதற்கு முன்பே செய்யவேண்டிய வேலை.

இரண்டாம் படி: மார்ஃபின் இருக்கிறதா என்று கேளுங்கள்

தொலைபேசியில் கேட்கவேண்டிய முதல் கேள்வி இதுதான். கடுமையான புற்றுநோய் வலிக்கு, அபினியிலிருந்து எடுக்கப்படும் வாய்வழி மார்ஃபின் அடிப்படை மருந்து. உலக சுகாதார நிறுவனத்தின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருப்பது. நம் நாட்டில் 1985ஆம் ஆண்டின் போதைப்பொருள் தடுப்புச் சட்டம் அதைக் கிட்டத்தட்ட எட்டாக்கனியாக்கி வைத்திருந்தது. மாநிலத்துக்கு மாநிலம் வேறுபட்ட உரிமங்களை வாங்கி முடிப்பதற்குள் நோயாளிகள் வலியோடே போய்ச் சேர்ந்தார்கள். கோழிக்கோட்டில் 1993இல் தொடங்கிய பாலியேட்டிவ் இயக்கத்தின் முன்னோடிகளில் ஒருவரான டாக்டர் எம். ஆர். ராஜகோபால் போன்றோர் நெடுங்காலம் போராடியதன் பயனாக 2014இல் சட்டம் திருத்தப்பட்டது. இப்போது மாநில மருந்துக் கட்டுப்பாட்டு அதிகாரியின் அங்கீகாரம் பெற்ற மருத்துவ நிறுவனம், பயிற்சி பெற்ற மருத்துவரின் பொறுப்பில் மார்ஃபினை இருப்பு வைத்துத் தரலாம். சாதாரண மருந்துக்கடையில் சீட்டை நீட்டினால் அது கிடைக்காது என்பதால், உங்கள் இல்லத்துக்கு அந்த அங்கீகாரம் உண்டா என்பது கொள்கைக் கேள்வி அல்ல. உங்கள் அம்மாவோ அப்பாவோ இன்றிரவு தூங்குவார்களா என்பதே அதில் அடங்கியிருக்கிறது.

பதிலைக் கவனமாகக் கேளுங்கள். "இருக்கிறது, அங்கீகாரம் பெற்றிருக்கிறோம், எங்கள் மருத்துவர் பயிற்சி பெற்றவர்" என்பது நல்ல பதில். "எங்களிடம் இல்லை, ஆனால் இன்ன மருத்துவமனையிலிருந்து வாரம் ஒருமுறை வாங்கித் தருகிறோம்" என்பதும் ஏற்கத்தக்கதே. "அதெல்லாம் கொடுத்தால் அடிமையாகிவிடுவார்", "அது கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார்" என்று சொல்லும் இடத்தைத் தவிர்த்துவிடுங்கள். வலிக்கேற்ற அளவில், படிப்படியாகக் கூட்டித் தரப்படும் மார்ஃபின் உயிரைக் குறுக்குவதில்லை. வலிக்காக முறைப்படி எடுத்துக்கொள்பவர் போதைக்கு அலைபவராக மாறிவிடுவார் என்ற அச்சமும் தவறானது.

இதையொட்டி இன்னொரு கேள்வி கேட்டால் அவர்களுடைய அனுபவம் தெரிந்துவிடும். "மார்ஃபினோடு வேறென்ன தருவீர்கள்?" என்று கேளுங்கள். மார்ஃபின் மலச்சிக்கலை உண்டாக்கும், அது ஏறக்குறைய எல்லோருக்கும் வரும் என்பதால், விவரம் தெரிந்தவர்கள் முதல் நாளிலிருந்தே மலமிளக்கியையும் சேர்த்து எழுதுவார்கள். முதல் சில நாட்கள் குமட்டல் வரலாம் என்று அதற்கும் மருந்து தயாராக வைத்திருப்பார்கள். சாதாரண மார்ஃபின் மாத்திரை 4 மணி நேரத்துக்கு ஒருமுறை, வலி வந்தாலும் வராவிட்டாலும் கடிகாரம் பார்த்துத் தரவேண்டியது. "வலிக்கிறது என்று கூப்பிட்டால் தருவோம்" என்பது மட்டுமே பதிலாக இருந்தால், அந்த இடத்துக்கு இந்த மருந்து சரியாகப் பழகவில்லை என்று பொருள்.

மூன்றாம் படி: இரவைப் பற்றிக் கேளுங்கள்

பகலில் எல்லா இடமும் நன்றாகத்தான் இருக்கும். இரவு 10 மணிக்குப் பிறகு விழித்திருக்கும் செவிலியர்கள் எத்தனை பேர், அவர்கள் பயிற்சி பெற்ற செவிலியர்களா உதவியாளர்களா, எத்தனை நோயாளிகளை ஒருவர் பார்க்கிறார் என்று எண்ணிக்கையாகவே கேளுங்கள். வலி திடீரென்று கூடினால் மருத்துவரைக் கேட்காமலேயே கூடுதல் வேளை மருந்து தரச் செவிலியருக்கு முன்கூட்டியே எழுதிவைக்கப்பட்ட அனுமதி உண்டா என்பது இதைவிட முக்கியம். எங்கள் முதல் இடத்தில் இல்லாமல் போனது இதுதான். அவசரத் தேவைக்கென்று ஒரு தொலைபேசி எண் கொடுத்தால், இரவு ஒன்பதரை மணிக்கு ஒருமுறை அந்த எண்ணுக்கு அழைத்துப் பாருங்கள். யார் எடுக்கிறார்கள், எத்தனை மணியடித்த பிறகு எடுக்கிறார்கள், கேட்டதற்குப் பதில் சொல்கிறார்களா, "காலையில கூப்பிடுங்க" என்கிறார்களா என்று தெரிந்துகொள்வதில் தவறேதும் இல்லை.

நான்காம் படி: இரண்டு முறை நேரில் போங்கள்

ஒருமுறை சொல்லிவிட்டுப் போங்கள். இன்னொரு முறை மாலை ஏழு மணி வாக்கில், பார்வையாளர் நேரம் முடிவதற்குள், சொல்லாமல் போங்கள். கட்டடத்தைப் பார்க்காதீர்கள், படுத்திருப்பவர்களைப் பாருங்கள்.

முதலில் அவர்களுடைய உதடுகளைப் பாருங்கள். நன்றாகப் பராமரிக்கப்படும் நோயாளியின் உதடு வெடித்திருக்காது, நாக்கில் வெள்ளைப் படலம் அப்பியிருக்காது. வாயைத் துடைத்து ஈரப்படுத்துவது பணச்செலவில்லாத வேலை, ஆனால் ஒரு நாளைக்குப் பலமுறை யாராவது வந்து நின்று செய்யவேண்டிய வேலை. அது நடக்கிறதென்றால் மற்றவையும் பெரும்பாலும் நடக்கும். அடுத்து, அவர்கள் எப்படிப் படுத்திருக்கிறார்கள் என்று பாருங்கள். தாமாகப் புரள முடியாதவரை ஏறத்தாழ 2 மணி நேரத்துக்கு ஒருமுறை பக்கம் மாற்றிப் படுக்கவைக்கவேண்டும். எல்லோரும் மல்லாந்தே கிடந்தால், படுக்கைப்புண்ணைத் தடுக்கப் போடும் ஏர் பெட் இருந்தும் பயனில்லை. தண்ணீர்க் குவளை கை எட்டும் தூரத்தில் இருக்கிறதா, கழுவி விடும்போது திரை இழுத்து மறைக்கிறார்களா, நகம் வெட்டியிருக்கிறதா என்பவையும் ஒரு சுற்று நடந்தால் கண்ணில் பட்டுவிடும்.

நாற்றம் தனியாகச் சொல்லவேண்டியது. புற்றுப்புண் நாறும், அதனாலேயே சொந்த மனிதர்கள்கூட அறைக்குள் வரத் தயங்குவார்கள், நோயாளி அதைப் புரிந்துகொண்டு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்வார். ஊதுவத்தியும் வாசனைத் தெளிப்பானும் இதற்குத் தீர்வல்ல. மெட்ரோனிடசோல் என்ற கிருமிக்கொல்லி மாத்திரையைப் பொடித்துப் புண்ணில் தூவிக் கட்டுப்போடுவது எளிய, விலை குறைந்த, நன்கு பலன் தரும் முறை. என் தந்தைக்கு இரண்டாம் இல்லத்தில் அதைத் தொடங்கிச் சில நாட்களில் என் தங்கையின் மகன் அவர் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதினான். புண்ணுக்கு என்ன செய்வீர்கள் என்று நீங்கள் கேட்கும்போது இப்படிப்பட்ட குறிப்பான பதில் வரவேண்டும்.

முடிந்தால் அங்கே தங்கியிருக்கும் நோயாளி ஒருவரின் மனைவியிடமோ மகனிடமோ வராந்தாவில் நின்று சில நிமிடங்கள் பேசுங்கள். "நல்லா பாத்துக்கறாங்களா?" என்று கேட்டால் எல்லோரும் ஆமாம் என்பார்கள். "நேத்து ராத்திரி எப்படி இருந்தாரு?" என்று கேளுங்கள்.

ஐந்தாம் படி: யாரிடம் பேசுகிறார்கள் என்று கவனியுங்கள்

நம் குடும்பங்களில் நோயாளிக்கு நோயின் பெயரையே சொல்லாமல் மறைப்பது வழக்கம். "அவருக்குத் தெரிஞ்சா தாங்கமாட்டாரு, நீங்க ஒண்ணும் சொல்லிடாதீங்க" என்று மருத்துவரிடம் நாமே கேட்டுக்கொள்கிறோம். அன்பால் செய்வதுதான், ஆனால் நோயாளிக்குப் பெரும்பாலும் தெரிந்துதான் இருக்கிறது, அவரும் நமக்காக மறைக்கிறார், இரண்டு பக்கமும் பேசவேண்டியதைப் பேசாமல் நாட்கள் போய்விடுகின்றன. நல்ல இல்லம் இந்த இடத்தில் இரண்டு தவறுகளைச் செய்யாது. நோயாளி கேட்காத செய்தியை முகத்தில் அடித்தாற்போல் சொல்லாது; கேட்டால் பொய்யும் சொல்லாது. சேர்க்கைப் பேச்சின்போது, "அப்பாவுக்கு எதுவும் தெரியாது" என்று சொல்லி, அவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பாருங்கள். "சரி, நாங்களும் சொல்லமாட்டோம்" என்று உடனே உறுதி தருபவர்களைவிட, "அவருக்கு என்ன தெரியும், என்ன தெரிந்துகொள்ள விரும்புகிறார் என்று முதலில் அவரிடமே மெல்லக் கேட்டுப் பார்க்கிறோம், உங்களையும் வைத்துக்கொண்டே பேசுகிறோம்" என்பவர்களை நம்பலாம்.

விருப்பங்களைக் கேட்கிறார்களா என்பதும் இதன் ஒரு பகுதியே. சமய நிறுவனங்கள் நடத்தும் இல்லங்களில், நோயாளி தம் வழக்கப்படி திருநீறு பூசிக்கொள்ளவோ தொழுகை செய்யவோ ஜெபிக்கவோ தடையில்லை என்பதைக் கேட்டுத் தெளிவுபடுத்திக்கொள்ளுங்கள். என் தந்தை குழாய்வழி உணவில்தான் இருந்தார். காபி வேண்டும் என்று எழுதிக் காட்டினார். விழுங்க முடியாத மனிதருக்குக் காபியா என்று நாங்கள் தயங்கி நின்றபோது, அந்தச் செவிலியர் பஞ்சை டிகாக்‌ஷனில் நனைத்து நாக்கின் நுனியில் வைத்தார். தினமும் காலை ஆறரை மணிக்கு அது நடந்தது.

ஆறாம் படி: பணம், பதிவு, காகிதங்கள்

இதைச் சுருக்கமாகவே சொல்கிறேன். தனியார் மருத்துவ நிறுவனங்கள் 1997ஆம் ஆண்டின் தமிழ்நாடு மருத்துவ நிறுவனங்கள் ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவு செய்திருக்கவேண்டும். சான்றிதழைக் காட்டச் சொல்லுங்கள். முதியோர் இல்லமாக நடந்துகொண்டு வாசலில் ஹாஸ்பிஸ் என்று பலகை மட்டும் வைத்திருக்கும் இடங்கள் இதில் வெளிப்பட்டுவிடும். கட்டணம் உண்டென்றால் தங்குமிடம், மருந்து, டயப்பர், கட்டுத்துணி, ஆம்புலன்ஸ் ஆகியவை தனித்தனியாக எழுத்தில் வேண்டும். இலவசம் என்றால், நன்கொடை கேட்பார்களா, எப்போது கேட்பார்கள் என்பதைக் கேட்பதில் கூச்சம் வேண்டாம். குணப்படுத்திக் காட்டுகிறோம் என்று வாக்குக் கொடுக்கும் இடம் எதுவாக இருந்தாலும் அங்கே பணம் கட்டாதீர்கள்.

செயற்கைச் சுவாசம் போன்ற உயிர்நீட்டிப்புச் சிகிச்சைகள் தமக்கு வேண்டாம் என்று நோயாளி முன்கூட்டியே எழுதிவைக்கும் ஆவணத்தை உச்ச நீதிமன்றம் 2018 மார்ச் 9 அன்று அளித்த தீர்ப்பில் ஏற்றுக்கொண்டது. 2023 ஜனவரியில் அந்த நடைமுறையை எளிதாக்கியது. இரண்டு சாட்சிகளோடு நோட்டரியிடமோ அரசிதழ்ப் பதிவுபெற்ற அதிகாரியிடமோ சான்று பெற்றால் போதும். உங்கள் நோயாளி அப்படி எழுதியிருந்தால் அதன் நகலைச் சேர்க்கையின்போதே கொடுத்து, அவர்களுடைய கோப்பில் வைக்கச் சொல்லுங்கள்.

ஏழாம் படி: சேர்த்தபின் முதல் 2 நாட்கள்

சேர்த்துவிட்டோம் என்று நிம்மதியாகி விடாதீர்கள். 40 பக்க நோட்டு ஒன்று வாங்கி, நேரம், வலி எத்தனை, என்ன மருந்து, மலம் கழித்தாரா, எத்தனை மணி நேரம் தூங்கினார் என்று ஐந்து கட்டங்கள் போட்டு எழுதுங்கள். முதல் 24 மணி நேரத்துக்குள் மருத்துவர் வந்து பார்த்து, வலியை எண்ணால் கேட்டுக் குறித்திருக்கவேண்டும். இரண்டாம் நாள் மருந்தின் அளவு போதுமா என்று மீண்டும் பார்த்திருக்கவேண்டும். 48 மணி நேரம் கழித்தும் வலி எட்டிலேயே நின்றால், நோட்டைக் காட்டி, அடுத்து என்ன செய்யப்போகிறீர்கள் என்று கேளுங்கள். நல்ல குழு அந்த நோட்டை வாங்கிப் படிக்கும். சிடுசிடுக்கும் குழுவாக இருந்தால், அடுத்த இடம் தேடத் தொடங்குவதில் தாமதம் வேண்டாம். நோயாளியை இடம் மாற்றுவது பாவம் என்று எங்கள் உறவினர்கள் சொன்னார்கள். நாங்கள் இழந்த ஐந்து இரவுகளை நினைத்தால், முதல் நாளே மாற்றியிருக்கலாம் என்றே எனக்குத் தோன்றுகிறது.

எட்டாம் படி: கடைசி நாட்களுக்கு என்ன ஏற்பாடு

கேட்கவே நா எழாத கேள்விகள் இவை. ஆனாலும் முன்கூட்டியே கேட்கவேண்டியவை. கடைசி நாட்களில் என்னென்ன நடக்கும் என்று விளக்குவீர்களா? குடும்பத்தில் ஒருவர் இரவும் உடன் தங்கலாமா? நல்ல இல்லத்தில் மூத்த செவிலியரோ மருத்துவரோ உங்களை உட்காரவைத்து, தூக்கம் கூடும், சிறுநீர் குறையும், கைகால் குளிரும், மூச்சு விட்டு விட்டு வரும், தொண்டையில் கரகரப்பு கேட்கும், அது உங்களை வருத்தும் அளவுக்கு அவரை வருத்துவதில்லை என்று ஒவ்வொன்றாகச் சொல்வார்கள். பசியால் வாடுகிறாரே என்று டிரிப்ஸ் ஏற்றச் சொல்லி நாம் வற்புறுத்தும்போது, ஏன் அது அப்போது உதவாது என்றும் பொறுமையாகச் சொல்வார்கள். எங்களிடம் அவர்கள் கருநீலத் துண்டுகள் நான்கு வாங்கிவரச் சொன்னார்கள். கன்னத்துப் புண்ணில் ரத்தக்குழாய் வெடித்தால் வெள்ளைத் துணியில் தெரியும் ரத்தம் நோயாளியையே பயமுறுத்திவிடும், கருநீலத்தில் அவ்வளவாகத் தெரியாது என்பதுதான் காரணம். அந்தத் துண்டுகள் தேவைப்படவில்லை. ஆனால் அதுவரை யோசித்து வைத்திருந்தார்கள்.

இறப்புக்குப் பிறகு மருத்துவர் இறப்பின் காரணத்தைச் சான்றளித்துத் தரவேண்டும். இறப்பை 21 நாட்களுக்குள் பதிவு செய்யவேண்டும். நள்ளிரவில் நடந்தால் சான்றைத் தருபவர் யார், உடலை எப்போது எடுத்துச் செல்லலாம், வாகனத்துக்கு யாரை அழைப்பது என்பவற்றைச் சேர்க்கும்போதே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள். இல்லத்தின் வீட்டுப் பராமரிப்புப் பிரிவில் பதிவு செய்து வீட்டிலேயே வைத்துப் பார்ப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். அவர்களுடைய மருத்துவர் வந்து பார்த்துச் சான்று தருவாரா என்பது தெரியாமல், அந்த நேரத்தில் தெருத்தெருவாக மருத்துவரைத் தேடி அலைந்த குடும்பங்களை நான் பார்த்திருக்கிறேன்.

கடைசியாக, அதன் பிறகும் குடும்பத்தோடு தொடர்பு வைத்திருப்பார்களா என்று கேளுங்கள். எங்களுக்குக் கருமாதி முடிந்த வாரத்தில் அந்தச் செவிலியரிடமிருந்து தொலைபேசி வந்தது. என்னிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி, "சாப்புடுறீங்களாம்மா? தூங்குறீங்களா?" என்று கேட்டார், அம்மா பதினைந்து நிமிடம் பேசினார். பிறகு, இடையில் அப்பாவை ஒரு வாரம் வீட்டுக்கு அழைத்து வந்தபோது கொடுத்தனுப்பிய மார்ஃபினில் மீதமிருப்பதை எண்ணித் திருப்பித் தரும்படி நினைவூட்டினார். 14 மாத்திரைகள் இருந்தன. மறுநாள் கொண்டுபோய்க் கொடுத்து, அவர்களுடைய பதிவேட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன்.